முதலில் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திற

கேள்வி: பார்ம்.டி (ஆறு வருட மருந்தியல் படிப்பு) முடித்திருக்கிறேன். விற்பனைக்கு வந்த மருந்துகள் மக்களிடம் எப்படி வேலை செய்கின்றன, என்ன தீங்கு செய்கின்றன என்று ஆராயும் வேலை ஹைதராபாத்தில் கிடைத்திருக்கிறது. அப்பாவோ எங்கள் மெடிக்கல் ஷாப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அம்மா பிபிக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். முட்டி வலிக்கு அப்பாவே கடையிலிருந்து தினமும் டைக்ளோஃபெனாக் தருவதால் சமாளிக்கிறார். கொஞ்ச நாளாகக் கால் வீங்குகிறது. விட்டுப் போகலாமா? (எஸ்., குடியாத்தம்)

பதில்: கண்ணு, வேலையா வீடா என்று எனக்கு மாதம் ரெண்டு கடிதமாவது வரும். அதை அப்புறம் பேசலாம். "சமாளிக்கிறார்" என்று எழுதினாயே, அங்கே உன் கை நிற்கவில்லையா? ஆறு வருஷம் படித்தவள் நீ. டெல்மிசார்டன், நீர் மாத்திரை, கூடவே தினம் ஒரு வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று நானா சொல்லித்தர வேண்டும்? வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிபியையும் ஏற்றும். அந்த வீக்கமே அதனால் இருக்கலாம். இன்றைக்கே அதை நிறுத்தச் சொல், பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்.

அப்படியே அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைகள், பாதிப் பெயர், காலாவதி தேதி இல்லாத துண்டுகள், எல்லார் வீட்டிலும் இதுதான். அப்பா பாசத்தில்தான் தருகிறார், தெரியும். ஆனால் பெண்டாட்டிக்கே டாக்டர் சீட்டு இல்லாமல் தருகிறவர், முதுகு வலி என்று வந்து நிற்கும் பீடி சுற்றுகிற அக்காவிடம் சீட்டு கேட்பாரா?

ஒரு மருந்தைச் சந்தைக்கு விடுமுன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கிறார்கள். வயதானவர்களும் நாலைந்து மாத்திரை சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் அதில் குறைவு. மிச்சம் தெரிவது உன் அம்மா மாதிரி ஆட்கள் விழுங்கிய பிறகுதான். அதற்காகத்தான் 2010ல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வந்தது. மருந்தால் கெடுதல் என்று சந்தேகம் வந்தால் போதும், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யாரும் சொல்லலாம். உங்கள் கடையிலிருந்து ஒரு தடவையாவது யாராவது கூப்பிட்டதுண்டா?

சரி, வேலை. போ. பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு ரெண்டு பேச்சில்லை. ஆனால் பக்கத்திலேயே இருந்தும் நீ பார்க்கவில்லையே! கிளம்புகிற வரைக்கும் கடையில் அப்பா பக்கத்தில் உட்கார், தினம் வலி மாத்திரை வாங்குகிறவர்கள் யார் யார், கூட என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுது, அவரையும் எழுதவை. அம்மாவின் ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி போடு.