முட்டி மடங்குகிறது, கோளாறு முட்டியில் இல்லை

அன்புள்ள டாக்டர்,

என் அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சுகர் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் இடது தொடையில் கடும் வலி, ராத்திரியில் தூங்கவே முடியாது. உடம்பும் இளைத்துவிட்டார். இப்போது வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படி இறங்கும்போது முட்டி சட்டென்று மடங்குகிறது. தேய்மானம் என்றுதான் நினைத்தோம். நரம்பு டாக்டர் தொடை நரம்பில் பாதிப்பு என்கிறார். முட்டிக்கும் தொடை நரம்புக்கும் என்ன சம்பந்தம்? சரியாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இறங்கும்போது மடங்குகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தகவல். படி இறங்கும்போது மடங்கிய முட்டியின் மேல் உடம்பின் முழு எடையும் வரும். அதைத் தாங்கி மெல்ல இறக்கிவிடுவது தொடையின் முன்பக்கத்து குவாட்ரிசெப்ஸ் தசை. அந்தத் தசைக்கு ஆணை கொண்டுவருவது ஃபெமோரல் நரம்பு எனும் தொடை நரம்பு மட்டும்தான். மாற்று வழி கிடையாது. நரம்பு தளர்ந்தால், மூட்டு நன்றாக இருந்தாலும் முட்டி மடங்கும்.

இந்த நரம்பு தொடையில் தொடங்குவதில்லை. கீழ்முதுகில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் எல்2, எல்3, எல்4 எனும் நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகி, வயிற்றின் பின்சுவரில் சோவாஸ் எனும் தசையை ஒட்டி இறங்கி, தொடை இடுக்கில் ரத்தக்குழாய்க்கு வெளிப்பக்கமாகத் தொடைக்குள் வருகிறது. வந்ததும் சில சென்டிமீட்டருக்குள் பல கிளைகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் நீளமான சஃபீனஸ் கிளை, கெண்டைக்காலின் உள்பக்கத் தோல் வழியாகப் பாதம் வரை போகிறது. அம்மாவுக்கு அங்கே மரத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டிப் பார்த்திருப்பார்கள். 1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்த சோதனை அது. தட்டிய செய்தி தண்டுவடத்துக்குப் போவதும் திரும்புவதும் இதே நரம்பில்தான், அதனால் நரம்பு பாதித்தால் கால் துள்ளாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இவ்வளவு எளிதாக இவ்வளவு சொல்லும் சோதனை அரிது.

இன்னொன்றையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கும் பலமும் குறைந்திருக்கிறதா? அந்தத் தசைகளுக்கு முக்கியமாகப் போவது வேறு நரம்பு, ஆனால் அதுவும் அதே மூன்று வேர்களிலிருந்து வருவது. அதுவும் தளர்ந்திருந்தால் பாதிப்பு தொடை நரம்போடு நிற்கவில்லை, மேலே வேர்ப்பகுதியிலும் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயால் தொடை நரம்பு பாதிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். முதலில் வலி, அப்புறம் தசை மெலிவு, கூடவே எடைக்குறைவு. டயபெடிக் அமையோட்ரஃபி என்பார்கள். நீங்கள் சொல்வது அதோடு ஒத்துப்போகிறது, ஆனால் உறுதி செய்ய வேண்டியவர் அம்மாவை நேரில் பார்ப்பவர்தான்.

அதுவாக இருந்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள், ஆனால் மெதுவாக. பல மாதங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு வருடங்கள்கூட ஆகும். சிலருக்குக் கொஞ்சம் பலவீனம் மிஞ்சலாம். அடுத்த காலிலும் தொடங்கக்கூடும், அதனால் வலது தொடையில் புதிதாக வலி வந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால், தொடை இடுக்கில் திடீரென்று வலி வந்து கால் பலமிழந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்து இந்த நரம்பை அழுத்தியிருக்கலாம்.

இப்போதைக்கு நான் பயப்படுவது அவர் விழுந்து எலும்பு முறிவதைப் பற்றித்தான். கைப்பிடி இல்லாத படியில் தனியாக விடாதீர்கள். இறங்கும்போது பலவீனமான இடது கால் முதலில், ஏறும்போது வலது கால் முதலில். கைத்தடி வலது கையில் இருக்கட்டும். முடிந்தால் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.