விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் லேப்டாப் நகர மாட்டேங்குதா?

கேள்வி: அண்ணே, நான் செந்தூல்ல வீட்டுலயே பிள்ளைங்களுக்கு டியூஷன் சொல்லிக் குடுக்குறேன். 2019ல வாங்கின லேப்டாப், 8 ஜிபி ரேம். போன வாரம் விண்டோஸ் 10லேருந்து 11க்கு மாத்துனேன், அன்னிலேருந்து ஒரே ஸ்லோ, ஆன் பண்ணிட்டுப் போய் பசியாறிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்க, 2,000 வெள்ளி ஆகும்கிறாங்க. பழைய 10க்கே போயிடலாமா?

பதில்: தங்கச்சி, அந்த 2,000 வெள்ளிய இப்போதைக்குத் தொடாதீங்க. பெரிய அப்டேட் முடிஞ்சதும் விண்டோஸ் சும்மா இருக்காது, உங்க ஃபைல் எல்லாத்தையும் திரும்ப இன்டெக்ஸ் பண்ணும் (தேடினா சட்டுன்னு கிடைக்க பட்டியல் போடுறது), விண்டோஸோட வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ஸ்கேன் ஓடும், மிச்ச அப்டேட்டும் இறங்கிக்கிட்டு இருக்கும். அதனால ஒரு ராத்திரி சார்ஜர் போட்டு, ஸ்லீப் போகாம விட்டுடுங்க. காலையில ரீஸ்டார்ட் குடுங்க. ஷட் டவுன் இல்ல, ரீஸ்டார்ட்தான், ஏன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணினாலும் சிஸ்டம் முழுசா புதுசா ஆரம்பிக்காது, நிறைய பேருக்கு இது தெரியாம தினமும் மூடி மூடித் திறக்குறாங்க.

அப்பவும் அப்படியேதான்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல டிஸ்க்குங்கிற இடத்தப் பாருங்க. சிபியு பத்து பன்னெண்டு சதவீதத்துலயே நிக்குது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துலயே நிக்குதுன்னா கோளாறு அங்கதான். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க்க தட்டினா எச்டிடியா (தட்டு சுத்துற பழைய வகை டிஸ்க்) எஸ்எஸ்டியான்னே (சுத்துற பாகம் இல்லாத வேகமான வகை) எழுதியிருக்கும். அந்த வருஷத்து லேப்டாப் நிறைய நிமிஷத்துக்கு 5,400 தடவ சுத்துற எச்டிடியோடதான் வந்துச்சு. கூட்டமான மாமாக் கடையில தே தாரிக் கலக்க ஒரே ஒரு அண்ணன் நின்னா எப்படியோ, அப்படித்தான் அதுவும், ஒவ்வொண்ணாத்தான் எடுத்துக் குடுக்க முடியும். எச்டிடின்னா அத எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போடச் சொல்லுங்க, 8 ஜிபி ரேம் உங்க வேலைக்குப் போதும். கேஎல்ல கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச லோ யாட் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்க, ஒரு கடை சொன்னத வச்சு முடிவு பண்ணாதீங்க. எஸ்எஸ்டியாவே இருந்தா டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்அப் ஆப்ஸ்ல, அதாவது ஆன் பண்ணதும் தானா திறக்குறதுல, தேவையில்லாதத எல்லாம் டிசேபிள் பண்ணிட்டு, லேப்டாப் கம்பெனி சைட்டுல புது டிரைவர் (பாகங்கள விண்டோஸோட இயக்குற சாஃப்ட்வேர்) இருக்கான்னு பாருங்க.

10க்குத் திரும்புறத பத்தி கேட்டீங்க. மாத்துன 10 நாளைக்குள்ள போக வழி இருக்கு, ஆனா 2025 அக்டோபர் 14ஓட 10க்கு வழக்கமான சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட், நின்னு போச்சு. அதே லேப்டாப்புல பேங்க் கணக்கும் பாப்பீங்கன்னா எனக்கு மனசு ஒப்பல.

எதுக்கும் கடைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி பிள்ளைங்க கேள்வித்தாள், போட்டோ எல்லாத்தையும் வெளி டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க. உள்ளேருந்து டக் டக்குன்னு சத்தம் வருதுன்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே எடுங்க.