ஆயில் எங்கிருந்து வருகிறது? பழைய இன்ஜின் கசிவு பற்றிய கேள்வி பதில்

கே: காலையில் காரை எடுத்தால் தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை. குனிந்து பார்த்தால் இன்ஜின் அடிப்பகுதி முழுக்க ஆயிலும் மண்ணும். எங்கே தொடங்குவது சார்?

ப: முதலில் அது இன்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று காலையில் தெரிந்துவிடும். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் பக்கம் தேடுங்கள். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

இன்ஜின் ஆயில்தான் என்று உறுதியானால், அடுத்து கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் நேராகப் பேக்கிங் (இரு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் கார்க் அல்லது ரப்பர் பட்டை) வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். ஆயில் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் எங்கே அதிகம் நனைந்திருக்கிறது என்று பார்ப்பதில் பயனில்லை. ஈரம் தெரிகிற மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காற்று உள்ளே போகும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, ஆறிய இன்ஜினில் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) அடித்துக் கழுவுங்கள். காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடர் தூவிச் சிறிது நேரம் ஓடவிட்டால், கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு காட்டும். அப்படியும் பிடிபடாத மெதுவான கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதை ஊற்றிச் சில நாள் ஓட்டியபின் புற ஊதா விளக்கு அடித்துப் பாருங்கள்.

கே: பின்பக்க மெயின் சீல் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள கூடான பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவது உண்மைதான். சம்மதிக்கலாமா அண்ணா?

ப: இறக்குவதற்கு முன் மேலே பார்க்கச் சொல்லுங்கள். டேப்பெட் கவரின் (இன்ஜின் உச்சியிலுள்ள மூடி) பின்மூலையில் கசிந்தாலும், சில இன்ஜின்களில் ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும், ஆயில் இன்ஜினின் பின்சுவரில் இறங்கி அதே பெல் ஹவுசிங் அடியில்தான் வந்து சொட்டும். மேலே சுத்தமாகக் காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரம் என்றால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். அதோடு கிளட்சும் வழுக்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இறக்குவது என்று முடிவானால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் அதையும்தான்.

கே: டேப்பெட் கவர் பேக்கிங் புதிது. கசிந்ததால் போல்ட்டை இன்னும் இறுக்கினேன், கசிவு கூடிவிட்டது.

ப: இறுக்கியதுதான் காரணமாக இருக்கும். அந்தப் போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் வண்டியின் சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். தகரக் கவர் என்றால் போல்ட் துளையைச் சுற்றி வளைந்துவிடும், கார்க் பேக்கிங் பிளந்து வெளியே பிதுங்கும். கவரைக் கழற்றி, நேரான இரும்புப் பட்டையை விளிம்பில் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் மரக்கட்டைமேல் வைத்து மெதுவாகத் தட்டிச் சமன் செய்யலாம். ரப்பர் பேக்கிங்கைப் பொதுவாக உலர்வாகவே போட வேண்டும். மேனுவல் சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான் பசை வையுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வளையங்கள் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். அவை கல்லாக இறுகிவிட்டால் கவர் சரியாக அழுந்தாது.

கே: ஒவ்வொரு சீலாக மாற்றிக்கொண்டே வருகிறேன். ஒன்று நின்றால் இன்னொன்று கசிகிறது. இன்ஜினே முடிந்துவிட்டதா?

ப: அப்படி முடிவுகட்ட வேண்டாம். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் இன்ஜினின் கீழ்ப்பகுதிக் கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றத்தான் பி.சி.வி. வால்வும் பிரீதர் குழாயும் இருக்கின்றன. அந்த வழி கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் திறக்கும். உங்கள் கதை அப்படியே இதுதான்.

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பி.சி.வி. வால்வைக் கழற்றி அதன் துளையில் விரலை வையுங்கள், உறிஞ்ச வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு வால்வைக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிது போடுங்கள், விலை குறைந்த பொருள்தான். குழாய்களையும் உட்புறம் சுத்தம் செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், ரிங் தேய்ந்திருக்கிறதா என்று கம்ப்ரெஷன் சோதனை (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) செய்து பார்க்க வேண்டும். எந்தக் கசிவாக இருந்தாலும் சீலில் கைவைக்கும் முன் இந்த பிரீதர் சோதனையை முடித்துவிடுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்வேன்.

கே: சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பொருத்தும்போது சிலிகான் தாராளமாகப் போடலாமா?

ப: கூடாது. உள்ளே பிதுங்கும் துண்டு உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். மெல்லிய கோடு போதும். டியூபில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு ஆயில் ஊற்றுங்கள்.

கே: கசிவை நிறுத்தும் திரவம் வேலை செய்யுமா?

ப: இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் மென்மையாக்கி உப்பவைக்கும், லேசான கசிவு குறையலாம். கிழிந்த பேக்கிங்குக்கும் வளைந்த கவருக்கும் அதனால் பயனில்லை. பிரேக் ஆயிலை இன்ஜினில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆயில் கெடும், சீல்களும் அளவுக்குமேல் உப்பிக் கெடும்.

கே: முன்பக்க கிராங்க் சீல் புதிதாகப் போட்டும் கசிகிறது.

ப: சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. அதன்மேல் ஏற்றும் மெல்லிய உலோக உறை கிடைக்கும். புது சீலைப் போடும்போது உதட்டில் ஆயில் தடவுங்கள், ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜின் உள்பக்கம் பார்க்கட்டும். டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்திருந்தால் துடைத்து மறுபடி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கே: எவ்வளவு கசிவுவரை ஓட்டலாம்?

ப: லேசாக ஈரம் படிந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிக் கருகல் வாடை வந்தால் ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கலாம். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணையுங்கள்.

கே: நேற்று ஆயில் மாற்றினேன், இன்று ஒழுகுகிறது சார்!

ப: இன்ஜினை இயக்காமல் ஃபில்டரைக் கழற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறியிருக்கலாம். அங்கே ஒன்றுமில்லை என்றால் டிரெயின் பிளக் வாஷரை மாற்றிப் பாருங்கள்.