நுனிக்கால் நடையும் மடக்கிய கையும்: ஆட்டிசம் குறித்த வாசகர் கேள்விகள்

ஆட்டிசம் உள்ளவர்களின் நடை, நிற்கும் விதம், உட்காரும் விதம் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு எங்கள் உடலியக்கச் சிகிச்சைக் குழு பதில் சொல்கிறது.

என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். நடக்க ஆரம்பித்ததிலிருந்தே குதிகால் படாமல் எக்கி எக்கித்தான் நடக்கிறான். "குதிகாலை ஊன்றுடா" என்றால் நாலு எட்டு ஊன்றுகிறான், மறுபடி எக்கிவிடுகிறான். மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார். தானாகச் சரியாகுமா?
– வாசகி, திண்டுக்கல்

சொன்னதும் நாலு எட்டாவது ஊன்றுகிறான் என்பது நல்ல சேதி. கணுக்கால் முழுக்க இறுகிப்போகவில்லை. ஆனால் ஊன்றும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதா, முட்டி பின்னுக்கு வளைகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தசைநார் இறுகிய பிள்ளைகள் இந்த இரண்டு வழியில்தான் குதிகாலைத் தரைக்குக் கொண்டுவருவார்கள்.

அடுத்து, வீட்டிலேயே ஒரு சோதனை. பையனை மல்லாக்கப் படுக்க வையுங்கள், கையில் பிடித்த பொம்மை எதையாவது கொடுங்கள். முட்டி நேராக இருக்கட்டும். உங்கள் உள்ளங்கையில் அவன் குதிகாலை ஏந்தி, முன்பாதத்தை உங்கள் முன்கையால் மெல்ல அவன் முழங்கால் பக்கமாகத் தள்ளுங்கள். பாதம் காலுக்குச் செங்குத்தாக வந்து, அதையும் தாண்டி சுமார் 10 டிகிரி மேலே வர வேண்டும். நடப்பதற்கு அவ்வளவு தேவை. இப்போது முட்டியை மடக்கிவிட்டு அதையே செய்யுங்கள். மடக்கினால் வருகிறது, நீட்டினால் வரவில்லை என்றால் கெண்டைக்காலின் மேல்தசை இறுகியிருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் உள்தசையோ குதிகால் நரம்பென்று நாம் சொல்லும் தசைநாரோ சேர்ந்து இறுகிவிட்டது.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குதிகாலைப் பிடிக்காமல் விரல் பக்கம் மட்டும் தள்ளினால் கணுக்கால் மடங்காது, பாதத்தின் நடுப்பகுதிதான் மடங்கும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நீட்டல் பயிற்சி கொடுக்கும்போதும் இதே தவறு நடந்தால், ஆறு மாதத்தில் கணுக்கால் அப்படியே இருக்கும், உள்ளங்கால் வளைவு மட்டும் தட்டையாகிவிடும். குதிகாலைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

இந்தியக் கழிப்பறையில் குந்தும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறதா, பின்னால் சாய்ந்துவிடுகிறானா என்றும் கவனியுங்கள். முட்டி மடங்கிய நிலையிலும் இறுக்கம் இருப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

தானாகச் சரியாகுமா என்றால், பொதுவாகக் குழந்தைகளில் பலருக்கு ஆகும். 2012-இல் வெளியான சுவீடன் ஆய்வில் ஐந்தரை வயதுப் பிள்ளைகளில் சுமார் 5 சதவிகிதம் பேர் எப்போதாவது நுனிக்காலில் நடந்தவர்கள்; அவர்களில் பாதிக்கு மேல் அந்த வயதுக்குள் விட்டுவிட்டார்கள். அதே ஆய்வில் வளர்ச்சி சார்ந்த பிரச்னை கண்டறியப்பட்டிருந்த குழந்தைகளிடம் இது 41 சதவிகிதம். ஆட்டிசத்தில் இது ஏன் அதிகம் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. சிலருக்கு உள்ளங்காலில் தரை படுவதே பிடிக்காது; சிலர் கெண்டைக்கால் இறுகும் உணர்வைத் தேடிப்போகிறார்கள்; சிலருக்குச் சந்தோஷம் வந்தால் எக்கல் கூடும். ஒரு வாரம் குறித்துவையுங்கள்: வெறுங்காலிலா செருப்பிலா, டைல்ஸிலா மணலிலா, எந்த நேரத்தில். மணலில் ஊன்றி டைல்ஸில் எக்குகிறான் என்றால், காலை நீட்டுவதோடு பாதத்தின் தொடு உணர்வுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் வேலை இருக்கிறது.

பயிற்சி: நீட்டல் ஒவ்வொன்றும் 30 விநாடி, காலுக்கு நான்கு முறை, காலையும் இரவும். குளித்த சூட்டோடு செய்தால் தசை இளகிக் கொடுக்கும். கூடவே மேட்டில் ஏறி நடப்பது, கரடி மாதிரி கையும் காலும் ஊன்றி நடப்பது, குதிகாலால் மட்டும் பத்து எட்டு நடப்பது. செருப்பில் குதிகாலைச் சுற்றிய பகுதி கெட்டியாக இருக்கட்டும். விரலால் அமுக்கினால் மடங்கக்கூடாது. அமுக்கினால் பீப்பீ என்று கத்தும் ஷூ குதிகாலை ஊன்ற நினைவூட்டும்தான், ஆனால் சத்தம் ஆகாத பிள்ளைக்கு அது தண்டனை. எண்ணெய் நீவல் கெடுதல் இல்லை, நிறுத்த வேண்டாம். அதனால் தசைநார் நீளாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

செங்குத்து நிலைக்கே பாதம் வரவில்லை என்றால் வீட்டுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிப் போடும் மாவுக்கட்டு, அதன்பின் கணுக்கால் பட்டை என்று போக வேண்டிவரும். அறுவை சிகிச்சை கடைசிப் படி. மாவுக்கட்டோடு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்த்த ஆய்வில் கூடவில்லை. செலவு செய்யும் முன் இதை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு காலில் மட்டும் எக்கல், முதலில் நன்றாக நடந்துவிட்டுப் பிறகு எக்கத் தொடங்கியது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி ஏறுவது, வயதுக்கு மீறித் திரண்ட கெண்டைக்கால், முதுகின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை, வந்த சிறுநீர்க் கட்டுப்பாடு மறுபடி போய்விடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் "ஆட்டிசத்தால்தான்" என்று விடாமல் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

நடையை வைத்தே ஆட்டிசத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகர், கோவை

இல்லை. நடையில் வித்தியாசம் இருப்பது உண்மை. 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே சிலரது நடை லாவகமில்லாமல் இருந்ததைக் குறித்திருக்கிறார். 1981-இல் விலென்ஸ்கி, டமாசியோ, மௌரர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நடையைப் படமெடுத்து அளந்து, எட்டின் நீளம் குறைவாகவும் பாதம் தரையில் தங்கும் நேரம் நீளமாகவும் இருந்ததைப் பார்க்கின்சன் நோயாளிகளின் நடையோடு ஒப்பிட்டார்கள். கால்களை அகட்டி வைப்பது, ஒரு எட்டின் நீளம் அடுத்த எட்டுக்கு ஒத்துவராதது ஆகியவை பின்னர் வந்த அளவீடுகளில் தென்பட்டவை. ஆனால் எல்லாமே குழுவின் சராசரி. ஆட்டிசம் இருந்தும் அழகாக ஓடுகிறவர்கள் உண்டு. ஆட்டிசமே இல்லாமல் இப்படி நடப்பவர்களும் உண்டு. 2013-இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 என்ற நோய் கண்டறியும் கையேடு விநோத நடையையும் நுனிக்கால் நடையையும் உடன் காணப்படும் அம்சங்களாகச் சொல்கிறதே தவிர, கண்டறியும் விதிகளில் சேர்க்கவில்லை.

பதினான்கு வயது மகள் கைகளை மார்பருகே மடக்கி, மணிக்கட்டு தொங்கத் தொங்க நடக்கிறாள். முதுகும் கூனல். "நிமிர்ந்து நட, கையை வீசி நட" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை.
– வாசகர், திருச்சி

முதலில் சொல்வதை நிறுத்துங்கள். நமக்கு முதுகு தானாக நிமிர்ந்திருக்கிறது, அதை நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. அவளுக்கு அதற்குத் தனிக் கவனம் வேண்டியிருக்கலாம். நிமிர்ந்து நடப்பதில் கவனம் போனால் எதிரே வரும் வண்டியோ, கூட வருபவர் பேசுவதோ கைநழுவும். கண்ணை மூடி நின்றால் ஆட்டம் கூடுவது ஆட்டிசம் உள்ளவர்களிடம் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. தடுமாற்றத்தைக் கண்ணால் சமாளிப்பவர் தரையைப் பார்த்துத்தான் நடப்பார், தலை குனியும், முதுகு வளையும்.

மடக்கிய கை பலருக்கு ஓய்வான நிலை. வலியில்லை, இரு கையும் ஒரே மாதிரி என்றால் அதில் திருத்த ஒன்றுமில்லை என்பதே எங்கள் கருத்து. ஓடும்போது ஒரு கை மட்டும் மடங்கினால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

கூனலை அப்படி விட முடியாது. சட்டையைக் கழற்றி அம்மா மட்டும் பார்க்கட்டும்: பாதங்களைச் சேர்த்து, முட்டி மடங்காமல் முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு பக்க விலா மேலே துருத்துகிறதா? அப்படியானால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். இந்த வயதில் வேகமாகக் கூடக்கூடியது, எலும்பு மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள்.

அடுத்தது மூட்டுத் தளர்ச்சி. கட்டைவிரல் முன்கையைத் தொடுவது, சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னுக்கு வளைவது, முழங்கையும் முட்டியும் பின்னுக்கு வளைவது: ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண். முட்டி மடக்காமல் உள்ளங்கை தரையில் படிந்தால் இன்னொன்று. ஒன்பதுக்கு ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் மூட்டு தளர்ந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும். அவளை நீட்டல் பயிற்சிக்கோ உடலை வளைக்கும் யோகாவுக்கோ அனுப்பாதீர்கள், தேவை பலம். இரண்டு கையிலும் அரை அரை வாளித் தண்ணீர் தூக்கி நடப்பது, படி ஏறுவது, நீச்சல். வாரம் மூன்று நாள், 15 நிமிடத்தில் தொடங்கலாம்.

படிக்கும் நாற்காலியையும் பாருங்கள். பாதம் தரையிலோ பலகையிலோ முழுக்கப் பதிய வேண்டும். இருக்கையின் விளிம்புக்கும் முட்டியின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம், மேசை முழங்கை உயரம். கால் அந்தரத்தில் தொங்கும் நாற்காலியில் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியாது.

ஏழு வயது மகன் வெள்ளைச் சோறும் தயிரும் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடமாட்டான். இரண்டு வாரமாக நொண்டுகிறான். இப்போது நடக்கவே மறுக்கிறான். "அடம்" என்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

அடம் இல்லை. இதைப் படித்த கையோடு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அடி, கிருமித் தொற்று, மூட்டு நோய் ஆகியவற்றை அவர்தான் விலக்கிப் பார்க்க வேண்டும். கூடவே அவன் சாப்பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் கேட்காவிட்டால் இது யாருக்கும் தோன்றாது: பழமும் காய்கறியும் மாதக்கணக்கில் இல்லாத பிள்ளைக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வரலாம். எலும்பின் மேலுறைக்கு அடியில் ரத்தம் கசிந்து கால் வலிக்கும், தவளை மாதிரி காலை மடக்கியே வைத்துக்கொள்வான். ஈறு வீங்கியிருக்கிறதா, பல் தேய்க்கும்போது ரத்தமா, தொட்டால் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. பெரிய பெரிய ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்த பிறகு கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வைட்டமின் சி கொடுத்தால் வலி சில நாளிலேயே குறையத் தொடங்கும். அளவை மருத்துவர் சொல்வார். வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு வழியில் நெல்லிக்காயும் கொய்யாவும் நல்லவை. அவன் தயிர்சோற்றில் சில துளி எலுமிச்சை விட்டுப் பழக்கலாம், ஆனால் சூடு ஆறின பிறகு. கொதிக்கவிட்டால் சத்து போய்விடும்.

பதினேழு வயது மகன் முன்பு வேகமாக நடப்பான். நான்கு மாதமாக வாசற்படியில் வந்தால் அப்படியே நின்றுவிடுகிறான். ஒருவாய்ச் சோற்றை எடுத்த கை பாதியில் நிற்கிறது. ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறான்.
– வாசகர், மதுரை

இந்த வாரமே மனநல மருத்துவரிடம் போங்கள். இரண்டு சாத்தியங்கள். ஒன்று மாத்திரையின் பக்கவிளைவு: உடல் விறைத்து, கை வீசாமல், காலைத் தேய்த்து நடப்பது. இன்னொன்று கேடடோனியா: இயக்கம் உறைந்துபோகும் நிலை. 2000-இல் இங்கிலாந்தில் மனநல மருத்துவர் லோர்னா விங், உளவியலாளர் அமிதா ஷா இருவரும் தங்களிடம் அனுப்பப்பட்ட, 15 வயதும் அதற்கு மேலுமான ஆட்டிசம் உள்ளவர்களைப் பார்த்ததில் 17 சதவிகிதம் பேரிடம் இது இருந்தது. கேடடோனியாவுக்கு லோராசெபாம் போன்ற மருந்து உண்டு, பலருக்குக் கேட்கிறது. எப்போது தொடங்கியது, அந்தச் சமயத்தில் மாத்திரை அளவு மாறியதா என்று எழுதிக்கொண்டு, வாசலில் நிற்பதை ஒரு நிமிட வீடியோவும் எடுத்துப் போங்கள். மருத்துவர் அறையில் அது நடக்காமல் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விறைப்போடு காய்ச்சலும் வந்தாலோ, சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் நின்றாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

அதுவரை, திட்டவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். முழங்கையில் லேசாகத் தொட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். வாசலில் குறுக்கே ஒரு வண்ண டேப் ஒட்டி அதைத் தாண்டச் சொல்லுங்கள். இப்படி வெளியிலிருந்து வரும் சின்னத் தூண்டலில் பலர் நகர்ந்துவிடுவார்கள்.