பேய் வராத பேய்ப்படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ‘தி ஹான்டிங்’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். கடைசி வரை பேயே வரவில்லை. ஆனால் அன்று ராத்திரி என் மகன் லைட்டை அணைக்க விடவில்லை. காட்டாத பேய்க்கு எப்படிப் பயம் வருகிறது?
– கீழக்கரை வாசகி

பதில்: உங்கள் மகனுக்கு நல்ல காது, தங்கச்சி. அது காதால் பார்க்க வேண்டிய படம். ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதிய நாவலை ராபர்ட் வைஸ் 1963-ல் படமாக்கினார். ஹில் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் ஆவி உண்டா என்று பார்க்க நாலு பேர் வந்து தங்குகிறார்கள். ராத்திரி அவர்களில் எலினார், தியோ என்ற இரண்டு பெண்கள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியே நடையில் தடால் தடால் என்று இடித்துக்கொண்டே ஏதோ வருகிறது. சத்தம் கதவுக்கு நேரே வந்து நிற்கிறது. கதவுக் குமிழ் மெல்ல அசைகிறது. வந்தது யார் என்று கடைசி வரை காட்டவே மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கை. இருட்டில் யாரோ முனகும் சத்தம் கேட்டு எலினார் தியோவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடி இறுகுகிறது, வலிக்கிறது, அலறுகிறாள். விளக்கைப் போட்டால் தியோ அறையின் அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள்! அப்படியானால் இதுவரை பிடித்திருந்தது யார் கை? படத்தின் உச்சம் எனக்கு இதுதான்.

கேள்வி: இப்படி ஒரு படத்தை நம் பக்கம் எடுத்தால் தனுஷ்கோடி பொருத்தமாக இருக்குமே?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாசஞ்சர் ரயிலோடு கடல் கொண்டுபோன இடம் அது. செத்தவர்களின் சொந்தபந்தங்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இடிந்த தேவாலயத்துச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சேலையை ஓடவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய பழைய வீடு போதும். உப்புக் காற்றில் பொரிந்து உதிரும் சுண்ணாம்புச் சுவர். மழைக்காலத்தில் வாடைக்காற்று அடிக்கத் தொடங்கியதும் மரக்கதவு ஊறி நிலைச்சட்டத்தில் இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். வீட்டுக்காரம்மா பகலில் அதோடு மல்லுக்கட்டுவதை மூன்று முறையாவது காட்டுங்கள். பிறகு ஒரு ராத்திரி அதே கதவு சத்தமே இல்லாமல் திறக்கட்டும். பார்ப்பவர்களுக்கு வீடு பழக வேண்டும். அதற்கு நம் இயக்குநர்கள் நேரமே கொடுப்பதில்லை. முதல் ரீலிலேயே மேக்கப் போட்ட பேயை இறக்கிவிட்டால், இடைவேளைக்குள் அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது.

கேள்வி: அதே கதை 1999-ல் மறுபடி படமாக வந்ததாமே, பார்க்கலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: ஜான் டி போன்ட் எடுத்தது. மாளிகை செட் பிரமாதம். ஆனால் வைஸ் மறைத்ததையெல்லாம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் காட்டிவிட்டார்கள், பயம் போய்விட்டது. 1963 படத்தையே பாருங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு.