வாசகர் கேள்வி: கோயம்பேடு கூட்டம்

கேள்வி: 2020 லாக்டவுன்ல சென்னை கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டுல கொரோனா அப்படி பரவுனதுக்கு ஜனங்களோட அலட்சியம்தானே காரணம்? (வாசகி, விருகம்பாக்கம்)

பதில்: அப்படி சொல்லவே மாட்டேன்மா. ஏப்ரல் 26லேர்ந்து 29 வரைக்கும் சென்னை, கோவை, மதுரையில முழு ஊரடங்குன்னு 24ஆம் தேதிதான் அறிவிச்சாங்க, மளிகைக்கடைகூட கிடையாதுன்னா நடுவுல இருந்த அந்த ஒரு நாள்ல எல்லாரும் பையத் தூக்கிட்டு கோயம்பேட்டுக்கு ஓடத்தானே செய்வாங்க, தினக்கூலி வாங்குறவங்க வீட்டுல பிரிட்ஜும் இல்ல, முன்கூட்டி வாங்கி வைக்க காசும் இல்ல. அங்க மூட்டை தூக்குனவங்கள நினைச்சாதான் மனசு ஆறல, ஊருக்கே காய் வரணும்னா அவங்க வந்தே ஆகணும். மே 5 மார்க்கெட்ட மூடி, ஊருக்கு வெளிய இருக்குற திருமழிசைக்கு மாத்துனாங்க, அதை முன்னாடியே செஞ்சிருக்கணும்.