சுட்டுவிரல், சுட்டுச்சொல்: கேள்வி பதில்

சுட்டுவது, சுட்டுச்சொற்கள், இடத்தையும் திசையையும் மொழி எப்படிக் கையாள்கிறது ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்கலாம். வேர்ச்சொல் ஆராய்ச்சி என் துறை அல்ல.

கேள்வி (புது அம்மா): ஐயா, மகளுக்கு ஒரு வயது. காக்கா, ஃபேன், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று எதைக் கண்டாலும் விரலை நீட்டுகிறாள். பொம்மையைக் காட்டுகிறாளே என்று எடுத்துக் கொடுத்தால் வாங்குவதில்லை. என்னதான் வேண்டுமாம்?

பதில்: நீங்கள் பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான்.

குழந்தையின் சுட்டலில் "அதைக் கொடு" வகை ஒன்று, "அதைப் பாரேன்" வகை ஒன்று என்று 1975-லேயே எலிசபெத் பேட்ஸும் உடனிருந்தவர்களும் பிரித்துக் காட்டினார்கள். இரண்டாவது வகையைச் சோதிக்க லிஸ்கோவ்ஸ்கி, கார்பென்டர், டோமாசெல்லோ உள்ளிட்ட ஐவர் 2004-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு எதிரே திரைக்குப் பின்னாலிருந்து பொம்மை தலைகாட்டும். குழந்தை சுட்டும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் நான்கில் ஒன்றைச் செய்வார்: பொம்மையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்து உற்சாகமாகப் பேசுவார், பொம்மையை மட்டும் பார்ப்பார், குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சுவார், அல்லது கண்டுகொள்ளவே மாட்டார். முதல் வகைக்குத்தான் குழந்தைகள் திருப்தியடைந்தன. மற்ற மூன்றிலும் திரும்பத் திரும்பச் சுட்டிப் பார்த்தன. போகப் போகச் சுட்டுவதையே குறைத்துக்கொண்டன.

கொஞ்சினால்கூடப் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். நீயும் நானும் சேர்ந்து அதைப் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். இதே குழுவின் 2006 சோதனையில் பெரியவர் காகிதங்களை ஸ்டேப்லரால் தைத்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே போவார். இன்னொருவர் வந்து ஸ்டேப்லரை அலமாரியில் வைத்துவிடுவார். முதலாமவர் திரும்பி வந்து தேடும்போது குழந்தை அலமாரியைச் சுட்டும். ஸ்டேப்லரால் குழந்தைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறது. வாயில் பத்துச் சொல் வருமுன்னரே தகவல் தரத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, அம்மா, பொம்மையை எடுத்துக் கொடுக்காதீர்கள். "ஆமா, காக்கா!" என்று சொல்லிவிட்டு அவளையும் பாருங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 18 மாதம், இன்னும் சுட்டுவதில்லை. ஆட்டிசமா?

பதில்: இதற்கு இங்கே பதில் தேடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே இதைச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும் பல அறிகுறிகளில் இது ஒன்று. இதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கேள்வி (தமிழாசிரியர்): அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. "உ எங்கே போச்சு சார்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. "உதென்ன கையில?" என்பது அங்கே இன்றும் சாதாரணப் பேச்சு. இது என் பக்கம், அது இருவருக்கும் தள்ளி, உது உன் பக்கம். போனில் பேசும்போது "உங்கை மழையோ?" என்றால், நீ இருக்கும் இடத்தில் மழையா என்று பொருள். உ என்பது நடுத்தூரம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஸ்கேல் வைத்து அளந்த தூரம் போல அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சுட்டுச்சொல் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, கேட்பவர் எங்கே இருக்கிறார், எதைப் பார்க்கிறார் என்பதையும் பார்க்கிறது.

துருக்கி மொழி இதில் இன்னும் ஒரு படி மேலே. பு, ஷு, ஓ என்று மூன்று சுட்டு. இதில் 'ஷு' வருவது, கேட்பவரின் கண் இன்னும் அந்தப் பொருளின் மேல் விழாதபோது. அவர் பார்த்துவிட்டார் என்றால் சொல் மாறிவிடும். ஆறு வயதுக் குழந்தைகளுக்கே இது முழுதாகப் பிடிபடுவதில்லை.

கேள்வி: வா, போ இவையும் சுட்டுத்தானா?

பதில்: ஆமாம். பேசுபவர் எங்கே என்று தெரியாமல் இவற்றுக்குப் பொருளே கிடையாது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியர் கிளவியாக்கம் என்ற இயலில் பிரித்துவைத்திருக்கிறார். ஜெர்மானியரான கார்ல் பூலர் 1934-ல் "நான், இங்கே, இப்போது" என்ற மையப்புள்ளியிலிருந்து மொழியை அளந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், சுவையாக இருக்கும்.

கேள்வி: அ, இ, உ என்று சுட்டு இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் தமிழே முதல் மொழி என்று நிரூபணம் ஆகிறதா?

பதில்: ஆகாது. ஹங்கேரிய மொழியில் இங்கே 'இட்', அங்கே 'ஓட்'. இந்தியில் இதர், உதர். ஒழுங்கு பல இடங்களில் உண்டு.

கேள்வி (மதுரைக்காரன்): ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பழங்குடிக்கு இடம், வலம் தெரியாதாமே? அதனால் மூளையே வேறு மாதிரி வேலை செய்யுமாமே?

பதில்: குவீன்ஸ்லாந்தின் ஹோப்வேல் ஊரில் பேசப்படும் கூகு யிமிதிர் மொழியைச் சொல்கிறீர்கள். இடம், வலத்துக்குப் பதில் அங்கே வடக்கு, தெற்கு என்று திசைதான். மூளையை விடுங்கள், கையைப் பாருங்கள்.

ஒரு முதியவர், தான் போன படகு கவிழ்ந்த கதையை 1980-ல் ஆய்வாளர் ஜான் ஹாவிலண்டிடம் சொல்கிறார். படம் பிடித்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு ஆய்வாளர் ஸ்டீபன் லெவின்சனிடம் அதே கதை. முதல் முறை மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு புரண்டதைக் காட்டும்போது கைகள் உடம்பிலிருந்து முன்னால் உருண்டன. இரண்டாவது முறை வடக்குப் பார்த்திருந்தார். இப்போது கைகள் வலமிருந்து இடமாக உருண்டன. இரண்டிலும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் புரள்கிறது! நாமாக இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் கையை ஒரே மாதிரி சுழற்றியிருப்போம்.

இவர்கள் பேச்சில் "உன் தெற்குக் காலில் எறும்பு" என்பது போலத்தான் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை எல்லாரிடமும் சொல்வேன்: ஒரு சொல் இல்லை என்பதால் அந்த எண்ணமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மெக்சிகோவின் செல்டால் மொழியில் இடக்கை, வலக்கைக்குச் சொல் உண்டு. "மரத்துக்கு இடப்பக்கம்" என்று சொல்லும் வழக்கம்தான் இல்லை. மலைச்சரிவை வைத்து மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்பார்கள்.

கேள்வி (சந்தேகி): குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொம்மை விலங்குச் சோதனையை லீயும் கிளைட்மனும் 2002-லேயே கவிழ்த்துவிட்டார்களே?

பதில்: மற்றவர்களுக்காகச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். மேசையில் மூன்று பொம்மை விலங்குகள் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நிற்கும். நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பி, இன்னொரு மேசையில் அதேபோல் அடுக்க வேண்டும். நெதர்லாந்துக்காரர் தன் வலப்பக்கம் பார்த்ததை மறுபடியும் வலப்பக்கம் பார்க்க வைப்பார். ஹோப்வேல்காரர் வடக்குப் பார்த்ததை வடக்குப் பார்க்கவே வைப்பார், தன் உடம்புக்கு அது இப்போது எதிர்ப்பக்கம் என்றாலும்.

லீயும் கிளைட்மனும் சொன்னது: ஜன்னல் திரையைத் திறந்துவிட்டால், மேசையில் ஓர் அடையாளப் பொருளை வைத்தால், அமெரிக்க மாணவர்களும் மாறுகிறார்கள். காரணம் மொழியல்ல, சுற்றுப்புறம். நல்ல அடி. ஆனால் கவிழவில்லை. அதே ஆண்டு லெவின்சன் குழு பதில் எழுதியது. வெளியே வைத்துச் செய்தும் டச்சுக்காரர்கள் இடம்-வலத்தை விடவில்லை. மேசையில் வைத்த அடையாளப் பொருள் திசையை நினைவூட்டுவதில்லை, "அந்தப் பொருளின் பக்கம்" என்ற வேறொரு கணக்கைக் கொண்டுவருகிறது என்றும் வாதிட்டார்கள்.

சந்தேகி: அப்படியென்றால் மொழிதான் சிந்தனையை ஆட்டிவைக்கிறது என்கிறீர்களா?

பதில்: இல்லை. 2006-ல் ஹானும் சகாக்களும், ஒளித்த பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை மனிதக்குரங்குகளிடமும் நான்கு வயது ஜெர்மன் குழந்தைகளிடமும் வைத்தார்கள். இரு தரப்பும் சுற்றுப்புறத்தை வைத்தே தேடின. இடம்-வலக் கணக்கு பின்னால் பழகுவது. எது அதைப் பழக்குகிறது என்பதுதான் கேள்வி.

மதுரைக்காரன்: எங்க ஊர்ப் பக்கம் பெரியவங்க "கொஞ்சம் வடக்கால தள்ளி உக்காரு"ன்னுதான் சொல்லுவாங்க. அப்போ நாங்களும் ஹோப்வேலா?

பதில்: கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன். எரிக் பீடர்சன் 1990-களில் இதை மதுரை வட்டாரத்திலேயே ஆராய்ந்தார். கிராமத்தவர்கள் மேசைமேல் இருக்கும் சின்னப் பொருளுக்கும் வடக்கு, தெற்கு சொன்னார்கள். நகரத்தவர்கள் இடம், வலம் சொன்னார்கள். பேச்சே தேவைப்படாத அடுக்கும் சோதனையிலும் பெரும்பாலும் அதே வேறுபாடு தெரிந்தது.

இருவர் பேசுவதும் தமிழ்தான். எல்லாச் சொல்லும் இருவருக்கும் தெரியும். அதனால் அகராதியில் என்ன இருக்கிறது என்பது இங்கே உதவாது, அன்றாடம் வாயில் எது வருகிறது என்பதே பேச்சு. 'மொழியா, சுற்றுப்புறமா' என்று மல்லுக்கட்டும் இரு தரப்பும் இந்த மதுரை ஆய்வைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

சந்தேகி: கிராமமும் நகரமும் என்றாலே சுற்றுப்புறம் வேறுதானே? என் கட்சி அல்லவா ஜெயிக்கிறது?

பதில்: பாதி. வயலில் திசை கண்ணுக்குத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். படிப்பும் வேறுபடும். ஆனால் வடக்கு என்று நாளெல்லாம் சொல்ல வேண்டுமானால், நாளெல்லாம் வடக்கு எதுவென்று மனதில் கணக்கு வைத்திருக்க வேண்டும். கேட்டபிறகு கண்டுபிடிக்க நேரம் இருக்காது. அந்தக் கணக்கை வைக்கச் சொல்வது சுற்றியிருப்பவர்களின் பேச்சு.

கேள்வி: நாம் சுட்டினால் நாய்க்குப் புரியுமா? குரங்குக்கு?

பதில்: நாய்க்குப் புரியும், சிம்பன்சியைவிட நன்றாக (ஹேர் குழு, 2002). ஆப்பிரிக்க யானைக்கும் புரியும் (2013). பூனையும் ஓரளவு தேறும். கூண்டில் வளர்ந்த சிம்பன்சி சாப்பாட்டுக்காகக் கை நீட்டும், "பாரேன்" என்று சுட்டுவது அரிது.

கேள்வி: சுட்டெழுத்து வைத்துத் தமிழே மூத்த மொழி என்று...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (கணினி மாணவி): சிந்தனைக்குள்ளும் சுட்டுதல் உண்டு என்று படித்தேன். உருவகமா, நிஜமா?

பதில்: நிஜம் என்றே பலர் கருதுகிறார்கள். பல்லார்ட் குழு 1997-ல் எழுதியதைப் பாருங்கள். வண்ணக் கட்டைகளை மாதிரியைப் பார்த்து அடுக்கச் சொன்னால், ஒரே கட்டைக்காக மாதிரியைப் பெரும்பாலும் இரண்டு தடவை பார்க்கிறார்கள். நிறத்துக்கு ஒரு தடவை, எடுத்தபின் இடத்துக்கு ஒரு தடவை. நினைவில் சுமப்பதைவிடக் கண்ணால் சுட்டி எடுத்துக்கொள்வது மலிவு.

கேள்வி: சைகை மொழியில் நான், நீ என்பது வெறும் விரல் நீட்டல்தானே? அந்தக் குழந்தைகளுக்கு அது சுலபமாக இருக்குமே?

பதில்: அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். லாரா பெட்டிட்டோ 1987-ல் அமெரிக்கச் சைகை மொழி கற்கும் காதுகேளாக் குழந்தைகளைப் பற்றி எழுதியது வேறு. ஒரு வயதுவாக்கில் ஆட்களைச் சுட்டும். பிறகு ஆட்களைச் சுட்டுவதை மட்டும் பல மாதம் நிறுத்திவிடும், பொருள்களைச் சுட்டிக்கொண்டுதான் இருக்கும். மறுபடி தொடங்கும்போது, தன்னைச் சொல்ல எதிரில் இருப்பவரைச் சுட்டும்! பேசும் குழந்தைகள் நான், நீ மாற்றிச் சொல்கிற அதே குழப்பம். விரல் அங்கே சொல்லாக மாறிவிட்டது. விரலைப் பார்த்தாலே பொருள் புரிந்துவிடும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: விரலால் சுட்டுவது எல்லா ஊரிலும் உண்டா?

பதில்: லாவோஸிலும் பனாமாவின் கூனா மக்களிடமும் உதட்டால் சுட்டுவதும் சகஜம். கானாவில் இடக்கையால் சுட்டினால் மரியாதைக் குறைவு.

மதுரைக்காரன்: ஐயா, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அந்தப் பொம்மைச் சோதனையை எங்க பாட்டியிடமும் சென்னையில் வளர்ந்த தங்கச்சியிடமும் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. மூன்று பொம்மையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கட்டும். "வலது" என்றோ "வடக்கு" என்றோ நீங்கள் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள், "அதே மாதிரி வைங்க" போதும். இரண்டாவது மேசைக்குப் போகுமுன் அரை நிமிடம் காக்க வையுங்கள். முடிவை எழுதும்போது ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் சந்தேகி விடமாட்டார்.